உள்பக்கத் தாழ்ப்பாள்

முதல் நாள் பேச்சு பிரியதர்ஷினிக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

மேலப்பாளையத்தில், அகமது மீரானின் வீட்டுப் பின்னறை. கட்டிலில் தலையணையை அண்டக்கொடுத்து அவர் தங்கை சபீதா உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் மையத்திலிருந்து வந்திருந்த பிரியதர்ஷினி, மடியில் படிவத்தை விரித்துக்கொண்டு கேட்டாள்.

"உங்க பேரு?"

"சபீதா." பதில் சொன்னது வாசலில் நின்ற அண்ணன் மனைவி மர்வா.

"வயசு?"

"வர்ற ரஜப் மாசத்தோட முப்பத்தஞ்சு." அதுவும் மர்வாதான்.

"காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?"

"நாங்க எழுப்புத நேரம். ஏழு, ஏழரை ஆயிரும். எழுப்பி, துடைச்சு, உடுப்பு மாத்தி விட்டுருவேன். ஒரு குறையும் வைக்கல தங்கச்சி. நீங்களே திருப்பிப் பாருங்க, முதுகுல ஒரு புண்ணு கிடையாது."

அது உண்மைதான். பன்னிரண்டு வருடத்தில் ஒரு புண் இல்லை என்பது சாதாரணப் பராமரிப்பு அல்ல என்று பிரியதர்ஷினிக்குத் தெரியும். படிவத்தை மூடிவைத்துவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. எங்ககிட்ட இருந்து உங்களுக்கு என்ன வேணும்? வீல்சேரு, காத்து மெத்தை, எதுன்னாலும் கேளுங்க."

சபீதா மர்வாவைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

"ஒரு தாழ்ப்பா வேணும்."

"எதுக்கு?"

"கதவுக்குத்தான்."

அப்போதுதான் பிரியதர்ஷினி கவனித்தாள். அந்த அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. முன்பு இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"வெளியேயா, உள்ளேயா?"

"வெளியே போடுததுக்கு வீட்டுல ஆள் இருக்கு. உள்ளே."

மர்வா சிரித்தாள். "இவ இப்படித்தான் தங்கச்சி, என்னமாச்சும் தமாஷ் பண்ணுவா. உள்ள தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டு விழுந்து கிடந்தா யாரு பதில் சொல்லுதது? அதான் அன்னைக்கே கழட்டிட்டோம்."

சபீதா சிரிக்கவில்லை. "எழுதிக்கிட்டியா?" என்று பிரியதர்ஷினியிடம் கேட்டாள்.

படிவத்தில் அதற்கு இடமில்லை. கடைசியில் 'இதர உதவிகள்' என்று ஒரு கோடு இருந்தது. அதன்மேல் 'தாழ்ப்பாள் – 1' என்று எழுதினாள்.

அந்தத் தாழ்ப்பாள் பொருத்தப்பட ஒன்றே முக்கால் வருடம் ஆயிற்று. அதுவும் அந்த அறைக் கதவில் அல்ல.

சபீதாவுக்கு இருபத்திரண்டு வயதில், நிக்காஹுக்கு நாள் குறித்திருந்த சமயம், கோடை மழை திடுமென்று இறங்கியது. காயப்போட்ட துணிகளை அள்ள மொட்டை மாடிக்கு ஓடியவள், கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கம் பின்னால் கால் வைத்துக் கீழே விழுந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் மூன்று மாதம் வந்து வந்து பார்த்தார்கள். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அதைப் பற்றிச் சபீதா ஒரு தடவைதான் பேசினாள். "அவிய மேல ஒண்ணும் கோவமில்ல. கடைசியா வந்தப்ப அந்த மாமி என் காலை அமுக்கிப் பாத்தாவ, கத்திரிக்காய் வாங்குத மாதிரி. அதான் மறக்க மாட்டேங்கு."

பின்னறைக்குள்ளேயே அவள் ஒரு வேலையும் பிடித்துக்கொண்டாள். கடைகளிலிருந்து புர்கா வரும். கையிலும் கழுத்திலும் பூ வரைந்து கல் ஒட்டிக் கொடுக்க வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்புக் கல்லை நேர் வரிசையில் ஒட்டும் கை அந்த வட்டாரத்தில் அவளுக்கு மட்டும்தான் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் பசை டப்பா கீழே உருண்டுவிட்டால், யாராவது வந்து எடுத்துத் தரும்வரை வேலை நின்றுவிடும்.

பிரியதர்ஷினி வாரம் மூன்று நாள் வந்தாள். நாங்குநேரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அதிகம் பேச மாட்டாள். அவளுடைய தொழிலில் மிகக் கடினமான வேலை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. சபீதா கட்டிலிலிருந்து பலகையில் நகர்ந்து சக்கர நாற்காலிக்கு மாறும்போது, பிடிக்கத் துடிக்கும் கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டு நிற்க வேண்டும். மர்வாவால் அது முடியாது. "பாவம்ளா, வேர்த்து ஊத்துது" என்று பாய்ந்து வந்து தூக்கிவிடுவாள். அவள் தூக்கும் ஒவ்வொரு தடவையும் சபீதா முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

தனியாக ஒரு வீடு எடுத்துப் போகிறேன் என்று சபீதா சொன்ன அன்று வீட்டில் இரண்டு வேளை அடுப்பு எரியவில்லை. மர்வா அழுதாள். "நான் என்ன குறை வச்சேன் இவளுக்கு?" என்றாள். ஊரில் நாலு பேர் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று கேட்டாள். இரண்டு தெரு தள்ளி யஹ்யா ஹாஜியாரின் வீடு ஒன்று காலியாக இருந்தது. தரைத்தளம், வாசலில் ஒரே படி. பொம்பளை, அதிலும் நடக்க முடியாதவள், தனியாக இருக்க வீடு தர ஹாஜியார் தயங்கினார். "அண்ணன்காரன் வந்து என் முன்னால ஒரு சொல்லு சொல்லட்டும். அவன் சொல்லு இருக்கிற வரைக்கும் வீடு இருக்கும்" என்றார்.

சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் அகமது மீரான் ஐம்பது நாள் லீவில் ஊருக்கு வந்ததும் ஹாஜியார் முன்னால் பேச்சு நடந்தது.

"சரி, இருந்து பாக்கட்டும். வீட்டைச் சரிபண்ணப் பத்து நாள் போவ, நான் ஊர்ல நிக்குத மிச்ச நாப்பது நாள் தவணை. அதுக்குள்ள ஒரே ஒரு தடவை விழுந்தாலும் மறுபேச்சு இல்லாம நம்ம வீட்டுக்கு வந்துரணும். நான் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு ராத்திரியும் பகலும் போனைப் பாத்துக்கிட்டுக் கிடக்க முடியாது. சம்மதமா?"

"சம்மதம் காக்கா" என்று அண்ணனிடம் சொன்னாள் சபீதா.

மகேஸ்வரன் ஆசாரி வாசலுக்குச் சாய்தளம் வைத்தார். குளியலறைக் கதவை அகலமாக்கி, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி பதித்தார். சபீதா கேட்டபடி இரண்டு மணைகள் செய்தார்: ஒன்று சாண் உயரம், மற்றது முழ உயரம். தரையில் விழுந்தால் முதலில் சாண் மணை, பிறகு முழ மணை, பிறகு நாற்காலி என்று கைகளை ஊன்றி ஒவ்வொன்றாய் ஏறிக்கொள்ளலாம். கடைசியாகத் தாழ்ப்பாள். பழக்கத்தில் ஆசாரி நிற்கிற ஆளின் நெஞ்சு உயரத்துக்குத் துளை போட்டுவிட்டு நாக்கைக் கடித்தார். பிறகு மேலே போட்ட துளைகளை மெழுகால் அடைத்துவிட்டு, நாற்காலியில் இருந்து எட்டும் உயரத்தில் புதிதாகப் போட்டார். சபீதா அதை மூன்று தடவை போட்டுத் திறந்தாள். நான்காம் தடவை போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை.

அன்று மாலை அவள் பிரியதர்ஷினியிடம் ஒரு வாக்கு வாங்கினாள்.

"எங்க வழக்கத்துல யார் வீட்டுக்குப் போனாலும் வாசல்ல நின்னு மூணு தடவை ஸலாம் சொல்லணும். பதில் வந்தா உள்ள போகலாம். வரலேன்னா மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாமத் திரும்பிரணும். பெரிய பணக்காரனா இருந்தாலும் அதுதான். பதிமூணு வருசமா என் அறைக்கு ஒருத்தரும் ஒரு ஸலாம் சொல்லி வந்தது கிடையாது. கோழிக்கூட்டைத் திறக்குத மாதிரி திறப்பாவ. இனி இந்த வாசல்ல அது நடக்கணும். உனக்கும் சேத்துத்தான்."

"நான் ஸலாம் சொல்லலாமாக்கா?"

"சொல்லிப் பாரேன். நாக்கா வெந்துரும்?"

பிரியதர்ஷினி சொல்லிப் பார்த்தாள். சபீதா சிரித்துவிட்டு மூன்று தடவை திருத்தினாள். பிறகு சிரிப்பு நின்றது.

"இன்னொண்ணு. எனக்குப் பயமா இருந்தா நானே கூப்பிடுவேன். நான் கூப்பிடாம நீ யாரையும் கூப்பிடாத. என் காக்காவை முக்கியமாக் கூப்பிடாத. தவணை முடியட்டும்."

"சரிக்கா."

முப்பத்தொன்பது நாட்கள் அப்படியே போயின. சபீதா எழுந்தாள், குளித்தாள், சமைத்தாள், கல் ஒட்டினாள். மணைகளில் ஏறிப் பழகினாள். பதினோரு தடவை முயன்றதில் இரண்டு தடவைதான் நாற்காலிவரை போய்ச்சேர முடிந்தது. மற்ற ஒன்பது தடவையும் பிரியதர்ஷினி கைகொடுக்க வேண்டியிருந்தது. அது இவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும்.

நாற்பதாம் நாள். பதினொன்றரை மணிக்கு மீரான் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் காரில் கிளம்ப வேண்டும். பிரியதர்ஷினி காலை பத்தரைக்கு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு முதல் ஸலாம் சொன்னாள்.

பதில் இல்லை.

தெருவில் பழைய இரும்பு வாங்கும் வண்டி ஒலிபெருக்கியோடு போய்க்கொண்டிருந்தது. அது போகட்டும் என்று நின்று இரண்டாம் ஸலாம் சொன்னாள். கதவைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மூன்றாம் ஸலாமைக் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "அக்கா" என்றும் கூப்பிட்டாள். போன் போட்டாள். உள்ளே கட்டில் பக்கம் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளாமல் எங்கும் போவதில்லை என்பது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு.

வழக்கப்படி இப்போது திரும்பிப் போக வேண்டும். பிரியதர்ஷினி சாய்தளத்தில் இரண்டடி இறங்கினாள். அப்போது வீட்டின் பின்பக்கம் மரம் எதிலோ மோதும் சத்தமும், அதைத் தொடர்ந்து கனமாக ஏதோ தரையில் அமர்வது போன்ற சத்தமும் கேட்டன. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

ஐந்து நிமிடம் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். தண்ணீரில் முகம் குப்புறக் கிடப்பது போல ஒரு காட்சி கண்முன் வந்தது. அது போகவில்லை. வாக்கும் நினைவில் இருந்தது. ஆனால் விரல் அதற்குள் மீரானின் எண்ணை அழுத்திவிட்டது.

அவர் ஓடி வந்தார். ஓட்டம் என்று சொல்ல முடியாது. போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ செய்யும் தொட்டிப் படியில் வழுக்கி விழுந்ததில் முழங்காலில் இன்னும் கட்டு இருந்தது, நொண்டிக்கொண்டே வந்தார். தோளில் பாஸ்போர்ட் பை. கையில் வீட்டிலிருந்து எடுத்து வந்த கடப்பாரை. பின்னாலேயே யஹ்யா ஹாஜியாரும் கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"எவ்வளவு நேரமாச்சும்மா?"

"இருபது நிமிசம் இருக்கும்ணே."

"இருபது நிமிசமா! அப்பமே உடைச்சிருக்க வேண்டாமா? இதுக்குத்தான் படிச்சு படிச்சுச் சொன்னேன். யாரு கேக்கா?" அவர் கதவில் கை வைத்துக் கத்தினார். "அஸ்ஸலாமு அலைக்கும்! சபீ! ஏளா சபீ! அஸ்ஸலாமு அலைக்கும்!"

பதில் இல்லை. கடப்பாரை நுனியைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் செருகினார்.

"வே, வே, பைய!" என்று ஹாஜியார் அவர் கையைப் பிடித்தார். "தேக்குக் கதவு வே அது, எங்க வாப்பா காலத்துக் கதவு!"

"உள்ள உசிரு இருக்கா இல்லையான்னு தெரியல, உமக்குக் கதவு பெரிசாப் போச்சா?"

"சத்தம் போடாதேரும். காதைக் குடுத்துக் கேளும்."

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே, வீட்டின் பின்கோடியில், ஒரு செருமல். திடமாக, வேண்டுமென்றே செருமிய செருமல். கொஞ்சம் விட்டு இன்னொன்று.

ஹாஜியாரின் முகம் மாறியது. "கக்கூஸுல இருக்கா வே. அங்கன உக்காந்துக்கிட்டு ஸலாத்துக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னு மூணு வயசுப் புள்ளைக்குக்கூடத் தெரியும். நீரு வாசல்ல நின்னு ஸலாத்து மேல ஸலாம் சொன்னா, அவ என்ன செய்வா? செருமத்தான் செய்வா. இந்தப் பிள்ளைக்குத் தெரியாது, சரி. நாப்பத்தஞ்சு வயசு உமக்குமா தெரியாது?"

மீரான் கடப்பாரையை மெல்ல இறக்கினார். ஆண்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் வெட்கம் வந்துவிட்டது. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார்கள்.

பிரியதர்ஷினிக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. கதவில் காதை வைத்தாள். செருமலுக்குப் பிறகு உள்ளே மரம் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. முதலில் தாழ்வாக ஒன்று, நீண்ட இடைவெளிக்குப் பிறகு இன்னொன்று. அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம். சாண் மணை. அடுத்தது முழ மணை. அக்கா விழுந்திருக்கிறாள். ஏறிக்கொண்டிருக்கிறாள். மூச்சு வாங்குவதுகூடக் கேட்பது போல் இருந்தது. பின்னால் திரும்பி ஒரு வார்த்தை சொன்னால் கடப்பாரை மறுபடி எழும். சொல்லாமல் இருந்து அவள் மறுபடி விழுந்தால்?

பிரியதர்ஷினி கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டாள். நூறுவரை எண்ணினாள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். மீரான் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்வளவு நேரமா?" என்று ஹாஜியாரிடம் முணுமுணுத்தார். "அதுக்கெல்லாமா மணி பாப்பாவ?" என்றார் ஹாஜியார்.

சக்கரம் உருளும் சத்தம் வந்தது. தாழ்ப்பாள் விலகியது.

"வஅலைக்கும் ஸலாம். எல்லாருக்கும் சேத்து" என்றாள் சபீதா. முக்காட்டைச் சரியாகப் போட்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உடுப்பின் ஒரு பக்கம் முழுக்க ஈரம். அவள் பார்வை கடப்பாரையில் விழுந்தது, அங்கிருந்து பிரியதர்ஷினியிடம் வந்து நின்றது. அந்தப் பார்வையைப் பிரியதர்ஷினியால் தாங்க முடியவில்லை.

மீரான் உள்ளே வந்து, பையை மேசையில் வைத்துவிட்டு, தங்கையிடம் கேட்காமல் பிரியதர்ஷினியிடம் கேட்டார்.

"நீ சொல்லும்மா. இவ விழுந்தாளா?"

முதல் நாள் இந்த அறைக்கு இரண்டு தெரு தள்ளி, வேறொரு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வேறு ஆள் பதில் சொன்னது பிரியதர்ஷினிக்கு நினைவு வந்தது. அக்கா விழவில்லை என்று ஒரு சொல் சொன்னால் வீடு மிஞ்சும். காரும் தயாராக நிற்கிறது.

"அக்கா இங்கனதான இருக்காவ? அவங்களையே கேளுங்கண்ணே."

மீரான் திரும்பினார்.

"விழுந்தேன்" என்றாள் சபீதா. "சக்கரத்து பிரேக்கு சோப்புத் தண்ணியில வழுக்கிட்டு. இவ வாசல்ல முதல் ஸலாம் சொல்லுத நேரம் நான் தரையில கிடந்தேன்."

ஹாஜியார் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கூப்பிட வேண்டியதுதானே?" மீரானின் குரல் உடைந்தது. "ஒரு குரல் குடுத்தா என்ன?"

"குடுத்திருப்பேன். பயந்திருந்தா குடுத்திருப்பேன். இவ அக்கான்னு கூப்பிட்டதும் கேட்டுச்சு. ஆனா அந்த நேரம் வாயைத் திறந்தா குரல் நடுங்கும். நடுங்குன குரலைக் கேட்டா கதவை உடைப்பீய, அதான் செருமுனதோட விட்டேன். இடுப்புக்குக் கீழ துணியில்லாமக் கிடந்தவளை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்குவீய, ஹாஜியார் மாமா பாத்துக்கிட்டு நிப்பாவ. பதிமூணு வருசம் தூக்கியாச்சு காக்கா. போதும்."

"பேச்சுன்னா பேச்சு சபீ. ஒரு தடவை விழுந்தா வந்துரணும்னு சொன்னேன். நீ சம்மதம்னு சொன்ன."

"சொன்னேன். இன்னைக்கு நாப்பதாம் நாள், அதையும் நான் இல்லேன்னு சொல்லல." அவள் அண்ணனின் முழங்காலைப் பார்த்தாள். "போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல எத்தனை பேரு பாக்க விழுந்தீய?"

மீரான் கட்டுப் போட்ட காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எந்திரிச்சு வீட்டுக்குத்தானே வந்தீய? உங்க வீட்டுத் தாழ்ப்பாளை யாரும் கழட்டிட்டுப் போனாவளா?"

ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், இருமலாக்கினார். மீரான் அவரை முறைத்தார். பிறகு குனிந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நொண்டும் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்துகொண்டே போனது.

சபீதா நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். வீடு போய்விட்டதா இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணனின் சொல் இருக்கும்வரைதான் வீடு என்று ஹாஜியார்தானே சொன்னார்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. பாஸ்போர்ட் பை மேசையிலேயே இருந்தது.

கதவு திறந்துதான் கிடந்தது. மேசை வாசலிலிருந்து நான்கே அடி. மீரான் சாய்தளத்தின் மேல்முனையில் வந்து நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல் சொன்னார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

சபீதா நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள். "வஅலைக்கும் ஸலாம் வரஹ்மத்துல்லாஹ். வாங்க காக்கா."

"பையை எடுக்கணும்."

"எடுத்துக்கோங்க."

எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். தங்கையின் முழங்கையைப் பார்த்தார். "அதுக்கு மருந்து போடு" என்றார். பிறகு ஹாஜியாரிடம், "இனி வீட்டு விசயம் எதுன்னாலும் என்கிட்ட கேக்காண்டாம் மாமா. அவகிட்டயே பேசுங்க. வீட்டுல இருக்கிறது அவதானே" என்றார். போகும்போது கதவைப் பைய இழுத்துச் சாத்தினார்.

எல்லாரும் போன பிறகு பிரியதர்ஷினி சபீதாவின் முழங்கையைத் துடைத்து மருந்து வைத்தாள். இடுப்பு, தொடை எல்லாம் பார்த்தாள். வேறு காயம் இல்லை. பிரேக்கைத் திருகாணி போட்டு இறுக்கினாள். அவள் வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல் வெளியே வருவதற்குள் சபீதா கையை உயர்த்தினாள்.

"வாக்கைத் தப்பிட்ட. அதைப் பெறவு வச்சுக்கிடுவோம். எத்தனை மணிக்கு நான் மணையில ஏறுனேன், எத்தனை மணிக்கு நாற்காலியில வந்து உக்காந்தேன், உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். நடுவுல விட்டுட்டேன்."

"எனக்கும் தெரியாது. அதுதான் எனக்குத் தெரியணும். இன்னைக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருந்துச்சு." சபீதா நாற்காலியைக் குளியலறைப் பக்கம் திருப்பினாள். இரண்டு மணைகளும் ஈரத்தரையில் கோணலாகக் கிடந்தன. அவள் கழுத்தில் போனை மாட்டிக்கொண்டாள்.

"ஏட்டி பிரியா, ஒண்ணு செய்யுதியா? நான் இப்பம் மறுபடியும் தரையில இறங்கப் போறேன். நீ தெருவாசலுக்கு வெளியே போயிரு. நான் உள்ள தாழ்ப்பாளப் போட்டுக்கிடுதேன். அங்கனயே நின்னு மணியை மட்டும் பாரு."